கூடை நிறைவதும் குறைவதும்

(தோட்டத்து மாதர் சங்கத்தினரும் இளைஞர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு. பேசிய நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்கிற நாள், விறகு பொறுக்குகிற நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீங்க. ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் கிலோ குறைந்துபோனால் இரண்டு பேச்சுத்தான் கேட்கும். நாம் சொல்வோம், "இன்னைக்கு மலை சரியில்லைங்க." எதிர்ப்பக்கத்தில் சொல்வாங்க, "மலை சரிதான், ஒன் கைதான் சரியில்லை." யார் குரல் பெரிதோ அவர் சொல் நிற்கும். அநேகமாக அது நம் குரல் இல்லை. அரைப் பேர் விழுந்து, முணுமுணுத்துக்கொண்டு லயத்துக்குப் போவோம்.

மலை சரியில்லை என்று நாம் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது எப்படிச் சரியில்லை, ஏன் சரியில்லை என்று விளக்கிச் சொல்ல நமக்கு வருவதில்லை. வருஷக்கணக்காகச் செடியைத் தொட்டுப் பழகிய கைக்கு அது தெரியும். வாய்க்குத்தான் தெரியாது. அந்தக் கணக்கைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கொழுந்தின் வயசைப் பார்ப்போம். நீங்க இரண்டு இலையும் அரும்புமாக ஒரு கொழுந்தைக் கிள்ளுறீங்க. கிள்ளிய இடத்துக்குக் கீழே, இலைக் காம்பும் தண்டும் சேருகிற மூலையில் ஒரு சின்ன மொட்டு ஒளிந்திருக்கும். மேலே அரும்பு இருக்கும் வரையில் அது இந்த மொட்டை எழும்ப விடாது. வீட்டில் மாமியார் இருக்கும் வரையில் மருமகளுக்குச் சாவி கிடைக்காத மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேல் அரும்பைக் கிள்ளினதும் கீழ் மொட்டு கண் விழிக்கிறது. அது செதில் விட்டு, மீன் இலை விட்டு, அந்த மீன் இலை பல் இல்லாமல் வழுவழுவென்று இருக்கும், பார்த்திருப்பீங்க, பிறகு ஒவ்வொரு இலையாக விரித்து, மறுபடியும் கிள்ளுகிற பருவத்துக்கு வர எவ்வளவு நாள் ஆகும்? ஒரு ரவுண்டு, ஏழெட்டு நாள் என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. இல்லை. இரண்டு மாசத்துக்கு மேல் ஆகும். உயரமான குளிர்த் தோட்டங்களில் இன்னும் கூடும். கீழ்நாட்டு வெக்கையில் ஓர் இலை விரிய ஐந்து நாளளவு போதும். நுவரெலியாப் பக்கம் அதே இலை அதைவிட நாள் எடுத்துத்தான் விரியும்.

அப்படியானால் ஏழு நாளைக்கொருமுறை எப்படிக் கொழுந்து கிடைக்கிறது? ஒரே செடியில் பல வயசுக் கொழுந்து ஒன்றாக நிற்பதால்தான். இன்றைக்குப் பறிக்க இருக்கிறது, அடுத்த ரவுண்டுக்கு இருக்கிறது, அதற்கடுத்ததற்கு இருக்கிறது, இன்னும் கண் விழிக்காததும் இருக்கிறது. பாலர் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையில் ஒரே கட்டடத்தில் நடக்கிற நம்ம தோட்டப் பள்ளிக்கூடம் மாதிரித்தான்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று தெரிகிறது. இன்றைக்குக் கூடையில் விழுகிற கொழுந்து இன்றைக்குத் தீர்மானமானது இல்லை. இரண்டு, இரண்டரை மாசத்துக்கு முந்தி பெய்த மழையும், போட்ட உரமும், பறித்த கையும் சேர்ந்து தீர்மானித்தது. நேற்று மழை பெய்தது, இன்றைக்கு ஏன் கிலோ கூடவில்லை என்று கேட்கிறவருக்கு இதுதான் பதில். நீண்ட வரட்சிக்குப் பிறகு மழை விழுந்தால், பாதியில் நின்ற கொழுந்து முதலில் கொஞ்சம் நகரும். உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்து, முழு வேகத்தில் மலை பச்சை பிடிக்க ஆறு, எட்டு வாரம் வேண்டும். அப்போது எல்லா மொட்டும் ஒரே நேரத்தில் விழித்ததால் எல்லாக் கொழுந்தும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பறிக்க ஆள் போதாது.

நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இரசாயன உரத்தை நிறுத்தினாங்க. அந்த வருஷ முடிவுக்குள்ளேயே தடையைத் தளர்த்தியும் விட்டாங்க. 2021இல் இலங்கை முழுவதும் கிடைத்த தேயிலை ஏறக்குறைய 30 கோடி கிலோ. செடி உடனே கோபித்துக்கொள்ளவில்லை, வேரிலும் மண்ணிலும் இருந்ததை வைத்துச் சமாளித்தது. அடுத்த வருஷம், 2022இல், அது ஏறக்குறைய 25 கோடி கிலோவாக இறங்கியது. டீசல் தட்டுப்பாடும் மற்ற நெருக்கடிகளும் சேர்ந்துகொண்டது வாஸ்தவம். ஆனாலும் தேயிலைச் செடி பட்டினியைப் பிந்தித்தான் காட்டும் என்பதை அந்த இரண்டு வருஷமும் நன்றாகக் காட்டின.

அடுத்து, மாசக் கணக்கு. வெளிநாட்டு மரமொன்றோடு ஒப்பிட்டால் இது எளிதில் புரியும். கிரிக்கெட் மட்டை செய்கிற வில்லோ மரத்தின் பெயர் தம்பிமாருக்குத் தெரிந்திருக்கும். அதே குடும்பத்தில், நம்ம தேயிலை மாதிரிக் குட்டையாக வெட்டி வளர்க்கிற வகையும் உண்டு. இங்கிலாந்தில் சமர்செட் பகுதியில் கூடை முடைவதற்காக அதைப் பயிரிடுகிறாங்க. பனிக்காலத்தில் இலை உதிர்ந்ததும் தூரோடு வெட்டிவிடுவாங்க. வசந்தத்தில் தூரிலிருந்து கம்பு கம்பாக முளைத்து, இலையுதிர் காலத்துக்குள் ஆளைவிட உயரமாகிவிடும். பகல் சுருங்கி குளிர் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். நட்ட முதல் வருஷம் மெலிந்த கம்புதான் வரும். மூன்றாம் வருஷமளவில் முழு விளைச்சல். நாம் கூடைக்குள் போடுவதைப் பறிக்கிறோம், அவங்க கூடையையே அறுக்கிறாங்க.

அஸ்ஸாம் தேயிலையும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே மார்கழி, தை மாசங்களில் பகல் பொழுது குறைந்து செடி உறங்கிவிடும், கொழுந்து இராது. நம்ம நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் பகல் பொழுது வருஷம் முழுக்க அதிகம் மாறுவதில்லை. ஆகவே நம்ம செடிக்கு உறக்கமும் இல்லை, நமக்கு லீவும் இல்லை. ஆனால் உறங்காத செடி என்பதற்காக, எல்லா மாசமும் ஒரே வேகத்தில் வளரும் என்று அர்த்தமில்லை.

மேற்குப் பக்கத்துத் தோட்டங்களை எடுங்க. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம். தை முதல் பங்குனி வரையில் வரட்சி. பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். சுமார் 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கொழுந்து நீளுவது அநேகமாக நின்றுவிடும். நுவரெலியாப் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி விழுந்து தளிரே கருகிப்போவதும் உண்டு. சித்திரை, வைகாசியில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும், சூடும் இருக்கும். வருஷத்தில் கொழுந்து பொங்குகிற காலம் அதுதான். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மூடிக்கொள்ளும். மழைக்குக் குறைவில்லை, ஆனால் வெயில் முகம் இல்லை, குளிர் வேறு. கொழுந்து மெதுவாகத்தான் வரும், கொப்புள நோயும் அந்த ஈரத்தில்தான் பிடிக்கும். 1946இல் இந்த நாட்டுக்குள் வந்த நோய் அது, இளந்தளிரைத்தான் தேடிப் பிடிக்கும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் இரண்டாவது தடவை கொழுந்து ஏறும்.

ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில் கணக்கு வேறு. மேற்கில் மழை கொட்டுகிற ஆடி, ஆவணியில் அங்கே காய்ந்த கச்சான் காற்று அடிக்கும். கொழுந்து சுருங்கி நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வராது. கொழுந்து மெதுவாக வளருகிற இந்தக் காய்ந்த காலத்தில்தான் தேயிலைக்கு நல்ல வாசம் ஏறுகிறது. மேற்கில் தை முதல் பங்குனி வரையிலும், ஊவாவில் ஆடி முதல் புரட்டாசி வரையிலும் வருகிற தேயிலையைத்தான் கொழும்பு ஏலத்தில் தேடி வாங்குறாங்க. கூடை வற்றிக் கிடக்கிற நேரம்தான் தேயிலை விலை ஏறுகிற நேரம். இன்னொன்றும் சொல்கிறேன். மழை நாளில் கொழுந்து நனைந்தது என்று தண்ணீருக்குக் கிலோ கழிக்கிறாங்க, சரி. சாதாரணமாக நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வரும். வரட்சியில் கொழுந்தில் நீர் குறைவு, ஆகவே அதே பச்சைக் கொழுந்துக்குக் கூடுதலான தூள் வரும். தண்ணீர் கூடினால் கழிக்கிறவங்க, தண்ணீர் குறைந்தால் சேர்த்துப் போட்டதை நான் எங்கும் பார்த்ததில்லை.

இனி மலையின் வயசு. இதில் இரண்டு வயசு இருக்கிறது, இரண்டையும் குழப்பக்கூடாது. ஒன்று செடி நட்ட வயசு, மற்றது கவ்வாத்து வெட்டிய வயசு. நம்ம கூடையை அதிகமாக ஆட்டிப்படைப்பது இரண்டாவதுதான், அதையே முதலில் சொல்கிறேன்.

கவ்வாத்து வெட்டியதும் செடிக்கு இலை இல்லை. இலை இல்லாமல் சோறு சமைக்க முடியாது. வேரில் மாச்சத்தாகச் சேர்த்து வைத்த பழைய சோற்றைத் தின்றுதான் அது முதல் தளிரை விடுகிறது. வேரில் சேமிப்பு இல்லாத செடியை மொட்டையாக வெட்டினால் தளிர்க்காமலே செத்துப்போகும். சில இடங்களில் ஒன்றிரண்டு வாதை வெட்டாமல் நிறுத்துவது இதற்காகத்தான், மற்ற வாது தளிர்க்கும் வரையில் அது சமைத்துப் போடும். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற தம்பிமார் அதையும் சேர்த்து வெட்டிவிடாதீங்க.

வெட்டிய பிறகு சில மாசம் அந்த மலையில் கூடைக்கு வேலையில்லை. பிறகு மட்டக்கம்பு வைத்து ஒரே உயரத்தில் தளிரை ஒடித்து மட்டம் பிடிப்போம். அந்த முதல் வருஷத்தில் கொழுந்து ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று கனமாக இருக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் எண்ணிக்கையும் இருக்கும், கனமும் இருக்கும். மலை சிரிக்கிற காலம் அதுதான். நாலாம், ஐந்தாம் வருஷத்தில் மட்டம் நிறையக் கொழுந்து தெரியும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு நல்ல மலையாகத்தான் தோன்றும். கிட்டப் போனால் கொழுந்து சிறுத்திருக்கும். திரும்பத் திரும்பக் கிள்ளிய இடம் முடிச்சு முடிச்சாக, காக்கா கால் மாதிரிக் கிடக்கும். அரும்பு ஊசியாக நீளாமல் குறுகி நின்று, அதன் கீழ் இரண்டு இலை விறைத்துக் கிடக்கும். ஆராய்ச்சிக்காரர் 'பஞ்சி' என்று சொல்வது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்க. பேருக்கு 18 கிலோ என்றால் 18,000 கொழுந்து கிள்ள வேண்டும். கவ்வாத்துக்குக் காத்துக் கிடக்கிற கிழட்டு மலையில் கொழுந்து அரைக் கிராமாகச் சிறுத்தால், அதே 18 கிலோவுக்கு 36,000 கொழுந்து. கை அதே கை, பொழுது அதே பொழுது. மலை சரியில்லை என்று நாம் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

கூடவே உயரம். ஒவ்வொரு ரவுண்டிலும் மயிரிழை அளவு மட்டம் ஏறிக்கொண்டே போகும். நாலைந்து வருஷத்தில் அது நெஞ்சு வரையில் வந்துவிடும். உயரமான அக்கா சமாளிப்பாங்க. குட்டையான தங்கச்சி நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும், மலை சரிவு வேறு. கீழ்நாட்டில் மூன்று வருஷமளவிலும், உயர்ந்த மலைகளில் நாலைந்து வருஷத்திலும் கவ்வாத்து வெட்டுவது வழக்கம். செலவை நினைத்தோ, ஆள் இல்லை என்றோ அதைப் பின்போட்டால், அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது. பறிக்கிறவளின் தோள்மூட்டுக்குத்தான் போகும்.

மற்ற வயசு, செடி நட்ட வயசு. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டது முதல் நூறு வருஷமளவுக்கு நட்டதெல்லாம் பெரும்பாலும் விதைத் தேயிலை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்காத மாதிரி, அதில் ஒவ்வொரு தூரும் ஒவ்வொரு குணம். ஒன்று தளிர்க்கும்போது பக்கத்திலிருப்பது சும்மா நிற்கும். செத்த தூர் நிறைய, ஆகவே நெரைக்கு நெரை நடை கூட. ஆனால் ஆணிவேர் ஆழமாகப் போயிருப்பதால் வரட்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும். தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் நல்ல தாய்ச்செடியிலிருந்து துண்டு வெட்டி வளர்த்துக் கொடுத்த வீ.பி. தேயிலை வேறு மாதிரி. மலை முழுக்க ஒரே நிறம், ஒரே நேரத்தில் தளிர்க்கும், விளைச்சலும் அதிகம். ஆனால் துண்டிலிருந்து வளர்ந்ததால் அதற்கு ஆணிவேர் கிடையாது. வரட்சி நீண்டால் மலை முழுக்க ஒரே நேரத்தில் கையை விரித்துவிடும். இளங்கன்று மலையில் முதல் மூன்று, நாலு வருஷம் பறிப்பதைவிட வாது பரப்பி உருவாக்குவதுதான் வேலை, அதில் கிலோ கேட்கவே கூடாது.

இவ்வளவும் ஏன் சொன்னேன்? 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்குப் பிறகும் சம்பளம் கூடியிருக்கிறது. சம்பளப் பேச்சு வருகிறபோதெல்லாம் 'பேருக்கு எத்தனை கிலோ' என்ற பேச்சும் பின்னாலேயே வருகிறது. வைகாசி மாசத்து மூன்றாம் வருஷ வீ.பி. மலைக்கும், மாசி மாசத்து ஐந்தாம் வருஷ விதைத் தேயிலை மலைக்கும் ஒரே கிலோ வைத்தால், அந்தக் கிலோ யாருடைய கையையும் அளக்கவில்லை. மலையும் மாசமும் பார்த்துக் கிலோவைக் கூட்டிக் குறைக்கிற வழக்கம் பல தோட்டங்களில் இருந்ததுதான். நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் கேட்பதென்றால் கையில் கணக்கு வேண்டும். "முந்தியெல்லாம் இப்படி இல்லைங்க" என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டாங்க.

முன்வரிசையில் ஓர் அக்கா, "நம்ம கையிலே தப்பே இல்லையா?" என்று கேட்கிறாங்க. நல்ல கேள்வி. நம்ம பங்கும் உண்டு. கிலோ போதவில்லை என்று அடுத்த ரவுண்டுக்கு நிற்க வேண்டிய அரும்பையும் சேர்த்து உருவினால், அடுத்த வாரத்துக் கிலோவை இன்றைக்கே தின்றுவிடுகிறோம். கீழே நிற்கிற தாய் இலையையும் வாரி எடுத்தால் செடிக்குச் சமைக்க ஆள் இல்லை, இரண்டு மாசம் கழித்து அதே மலையில் நாம்தான் நிற்போம். நின்றுபோன பஞ்சியை, அது கூடைக்கு உதவாது என்று விட்டுவிட்டுப் போகிறோம். அதையும் கிள்ளி வீசினால்தான் அதன் கீழ் மொட்டு விழிக்கும். எடைக்கு வராத வேலைதான் அது, காசும் இல்லை. அதனால்தான் யாரும் செய்வதில்லை, அதற்காக உங்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். ரவுண்டு ஏழு நாளிலிருந்து பன்னிரண்டு, பதினாலு நாளாக இழுபட்டு இலை முற்றினால், அது நம்ம கையில் இல்லை. ஆளைப் பிரித்து விடுகிறவர் கையில்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். லயத்துக்கு ஒரு பிள்ளையைப் பிடியுங்க, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையாக இருந்தால் நல்லது. ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்க. அன்றன்றைக்கு அம்மா எந்த நம்பர் மலையில் பறித்தாங்க, அது கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம், விதைத் தேயிலையா வீ.பி.யா, போன ரவுண்டு முடிந்து எத்தனை நாள், மழையா வெயிலா, தராசில் எத்தனை கிலோ, கழிவு எத்தனை கிலோ. ஒரு வரியில் எழுதி முடியும். பெயர் எழுத வேண்டியதில்லை. நாலு லயத்திலிருந்து நாலு கொப்பி வந்தால் ஒரு வருஷத்தில் இந்தத் தோட்டத்து மலை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாசத்துக்கும் நியாயமான கிலோ என்னவென்று நமக்கே தெரிந்துவிடும். உரம் போட்ட தேதி தெரிந்தால் அதையும் ஓரத்தில் குறித்து வையுங்க, இரண்டு மாசம் தள்ளிப் பார்க்க உதவும்.

கவ்வாத்து வெட்டிய தேதி சில மலைகளில் பலகையில் எழுதியிருக்கும். எழுதாத மலையாக இருந்தால், கத்தி பிடித்த தம்பிமார் இங்கேயே இருக்கிறாங்க, இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியைக் கையோடு கொண்டு வாங்க.